அறுத்த வயலில் மட்டும் தலைகாட்டும் ஹார்ன்வொர்ட்: இந்த வருஷம் ஏன் காணோம்?

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, கண்ணில் படுவதையெல்லாம் படம் எடுத்து வைக்கிற பழக்கம் மட்டும் உண்டு. இருப்பது சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸுக்கும் ஜூரா மலைக்கும் நடுவே உள்ள விவசாயப் பகுதியில். போன வருஷம் அக்டோபரில், கோதுமை அறுத்து உழாமல் விட்டிருந்த ஒரு வயலில் அரிதாள்களுக்கு நடுவே கரும்பச்சையில் சின்னச் சின்னத் தட்டுகள் பார்த்தேன். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு, மண்ணோடு அப்பியிருக்கிறது, ஓரமெல்லாம் சுருள் சுருளாக. அதிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சைக் கொம்புகள் நிமிர்ந்து நின்றன, சிலவற்றின் நுனி கருத்து இரண்டாகப் பிளந்திருந்தது. படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். செடிகளை அடையாளம் காட்டும் செயலியில் போட்டால் ஆந்தோசெராஸ் அக்ரெஸ்டிஸ் என்று காட்டியது, ஹார்ன்வொர்ட் என்கிற, பாசி மாதிரி தரையில் படரும் பூக்காத செடி வகையாம்.

இந்த வருஷம் அதே மாதம் அதே வயலுக்குப் போனால் ஒன்றுகூட இல்லை. அறுவடை முடிந்த கையோடு விவசாயி பசுந்தாள் உரத்துக்கு ஏதோ கடுகு இனப் பயிரை விதைத்துவிட்டார், அது இடுப்பளவுக்கு நிற்கிறது. மற்ற மாதங்களில் இந்தச் செடி எங்கே இருக்கிறது? ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிறது என்று ஓரிடத்தில் படிக்கிறேன், அழிந்து வருகிறது என்று இன்னோரிடத்தில் படிக்கிறேன், இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அப்புறம், செயலி சொன்ன பெயர் சரிதானா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கைலென்ஸ்:

படத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால் ஆந்தோசெராஸ் என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் பகுதியில் இதே மாதிரி வயலில் ஃபேயோசெராஸ் கரோலினியானஸ் என்ற இன்னொரு ஹார்ன்வொர்ட்டும் வரும், பல சமயம் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே முளைக்கும். பிரித்துப் பார்ப்பது சுலபம். (இவற்றுக்கு விதை கிடையாது, வித்து என்று நான் சொல்வது தூள் மாதிரியான ஸ்போர்களை.) முற்றிய கொம்பின் நுனியைக் கிள்ளி ஒரு வெள்ளைத் தாளில் தட்டுங்கள், உதிர்கிற வித்துத்தூள் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் ஆந்தோசெராஸ், மஞ்சளாக இருந்தால் ஃபேயோசெராஸ். நீங்கள் சொன்ன கருத்த நுனி முந்தையதைத்தான் காட்டுகிறது. உடலத்தை, அதாவது மண்ணோடு அப்பியிருக்கிற தட்டைப் பகுதியை, பிளேடால் குறுக்கே சீவினாலும் தெரிந்துவிடும்: ஆந்தோசெராஸுக்கு உள்ளே வழவழப்பான பசை நிரம்பிய அறைகள் இருக்கும், ஃபேயோசெராஸ் உள்ளே கெட்டியாக இருக்கும், ஓரமும் இவ்வளவு சுருளாது.

ஆந்தோசெராஸிலேயே அக்ரெஸ்டிஸா, பங்க்டேட்டஸா என்று கேட்டால் அது வேறு தலைவலி. இரண்டும் ரொம்ப நெருங்கின சொந்தம். ஆண் உறுப்புகள் உடலத்துக்குள் சின்ன அறைகளில் கூட்டமாக இருக்கும், அவற்றின் நீளத்தை நுண்ணோக்கியில் அளந்துதான் உறுதியாகச் சொல்ல முடியும். பங்க்டேட்டஸ் பெரும்பாலும் அட்லாண்டிக் கரையோரத்திலும் மத்தியதரைக்கடல் பக்கத்திலும் இருக்கும். ஆல்ப்ஸுக்கு வடக்கே, தானிய வயலில், இலையுதிர் காலத்தில் என்றால் அக்ரெஸ்டிஸ்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். இந்தப் பெயரே 1979-ல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜீன் பேட்டன் வைத்தது, அதனால் அதற்கு முந்தைய பதிவுகளில் இரண்டும் கலந்துகிடக்கும், பழைய பட்டியல்களைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிபிடித்தவன்:

தம்பி, பெயர் விஷயத்தைக் கைலென்ஸ் முடித்துவிட்டார். எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் செடியின் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

அது எங்கேயும் போகவில்லை, அந்த மண்ணுக்குள்ளேயேதான் இருக்கிறது, வித்தாக. ஆந்தோசெராஸ் அக்ரெஸ்டிஸ் ஒரு பருவச் செடி. கோடையில் மழை கிடைத்து, மேல் மண்ணில் வெளிச்சம் விழுந்தால் முளைக்கும், பயிர் நிற்கும்போதே அடியில் சிலது தொடங்கியிருக்கும், அறுவடை ஆனதும் திடீரென்று வெயிலும் பனித்துளி ஈரமும் கிடைக்கவே வேகமாக விரியும். ஆகஸ்டு கடைசியிலிருந்து கொம்பு வரத் தொடங்கி அக்டோபர், நவம்பரில் முற்றும். கடும் உறைபனி வந்ததும் செடி செத்துவிடும். ஆக முளைத்ததிலிருந்து வித்து முற்றும்வரை அதற்கு இரண்டு மூன்று மாதம் யாரும் கை வைக்காத, திறந்த, ஈரமான மண் வேண்டும். அது கிடைத்தால் கருப்பு வித்துகள் ஏராளமாக மண்ணில் கொட்டும். சுவர் தடித்த வித்துகள், வருஷக்கணக்கில் புதைந்து கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

இப்போது இதை விவசாயத்தின் நாள்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். அறுத்த மறுவாரமே உழுதால் பச்சையாகவே மடிந்து புதையும், வித்து விழாது. உழவே இல்லை என்றால் இரண்டு வருஷத்தில் புல்லும் களையும் மூடிவிடும், அப்போதும் இதற்கு இடமில்லை. கலப்பை வேண்டும், ஆனால் தாமதமாக வேண்டும். அடியில் கிடக்கிற பழைய வித்தை மேலே புரட்டிக் கொடுப்பதும் அதே கலப்பைதான். இவ்வளவு கறாராகக் காலம் பார்க்கிற செடியை வரைபடத்தில் புள்ளி வைத்துத் தேடினால் ஏமாற்றம்தான்.

பரவியிருக்கிறது, அழிந்து வருகிறது இரண்டும் சரிதான். பிரிட்டனின் மேற்குப் பக்கம், ஜெர்மனி, சுவிஸ், ஆஸ்திரியா, செக், போலந்து, ஸ்காண்டிநேவியாவின் தெற்கு என்று வரைபடம் பெரிதாகத்தான் இருக்கும், வட அமெரிக்காவிலிருந்தும் பதிவுகள் உண்டு. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் எத்தனை வயலில் எத்தனை வருஷம் வித்து முற்றுகிறது என்று கேட்டால் கணக்கு சுருங்கிக்கொண்டே போகிறது. பிரிட்டனில் முன்பெல்லாம் வசந்தத்தில் விதைப்பார்கள், அதனால் அரிதாள் குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்கும். பிறகு இலையுதிர் காலத்திலேயே விதைப்பது வழக்கமானது, அறுத்த சூட்டோடு உழவு, ஹார்ன்வொர்ட்டின் பருவமே காணாமல் போனது.

உங்கள் நாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். 1990-களிலிருந்து அங்கே விவசாயிக்குக் கிடைக்கும் அரசு உதவித்தொகை சுற்றுச்சூழல் நிபந்தனைகளோடு பிணைக்கப்பட்டது. குளிர்காலத்தில் மண்ணை வெறுமையாக விடக்கூடாது என்பதும் அதில் ஒன்று, மண் அரிக்கக்கூடாது, நைட்ரேட் நிலத்தடி நீருக்குள் இறங்கக்கூடாது என்பதற்காக. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் விளைவு நீங்கள் பார்த்த இடுப்பளவு கடுகு. ஐரீன் பிசாங் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் உங்கள் பகுதியான சுவிஸ் பீடபூமியில் பல வருஷம் வயல் வயலாகப் பார்த்து 2009-ல் வெளியிட்ட கட்டுரையின் முடிவே இதுதான்: சுற்றுச்சூழலுக்கு இணக்கமான விவசாயம் ஹார்ன்வொர்ட்டுக்கு இணக்கமாக இல்லை. அரிதாள் வயல்கள் குறைந்தன, கூடவே இதுவும் குறைந்தது.

இயற்கைநேசன்:

மன்னிக்க வேண்டும், இதைப் படித்ததும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. பசுந்தாள் பயிர் மண்ணுக்கு எவ்வளவு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். நகம் அளவு ஒரு பாசிக்காக விவசாயி மண்ணை மழையில் கரையவிட வேண்டுமா? அதுவும் உழவு என்ற ஒன்று வந்த பிறகுதானே இது வயலுக்கே வந்திருக்கும், அதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கே போய் இருக்கட்டுமே.

பாசிபிடித்தவன்:

எரிச்சல் நியாயம்தான், ஆனால் யாரும் எல்லா வயலையும் வெறுமையாக விடச் சொல்லவில்லை. சரிவான நிலத்தில் மண் அரிப்பு பெரிய பிரச்சினை, அங்கே மூடுபயிர் போடட்டும். ஹார்ன்வொர்ட் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த, தட்டையான, ஈரம் தங்குகிற ஒரு சில வயல்களில் மட்டும் உழவை இலையுதிர் காலக் கடைசிவரை தள்ளிப்போட்டால் போதும். அப்புறம், அரிதாள் நிற்கிற வயல் அப்படி ஒன்றும் மொட்டைத் தரை இல்லை, வேரும் தாளும் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

பழைய இடத்துக்குப் போகட்டும் என்கிறீர்கள். வயலைத் தவிர ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம், குளம் வற்றுகிற இடத்துச் சேறு, ஈரமான காட்டுப் பாதை இங்கெல்லாம் இது முளைப்பதுண்டு. ஆற்று வெள்ளம் வந்து வந்து புது மண்ணைத் திறந்து கொடுத்த காலத்தில் அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம். ஐரோப்பாவில் பல ஆறுகளைக் கரை கட்டி நேராக்கிவிட்டார்கள், போவதற்கு இடம் எங்கே? இதே வயல்களில் நோட்டோதைலஸ் ஆர்பிகுலாரிஸ் என்று இன்னொரு ஹார்ன்வொர்ட் உண்டு, மத்திய ஐரோப்பாவில் அது இன்னும் அரிது, ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ரிக்சியா என்கிற, தரையோடு படரும் சின்னச் செடி வகைகளும் கூடவே வளரும். ஆக ஒரு பாசி இல்லை, ஒரு சின்னக் கூட்டமே அந்த இரண்டு மூன்று மாதத்தை நம்பியிருக்கிறது. இன்னொன்று, இதைப் பாசி என்று சொல்லாதீர்கள், அடுத்து வரப்போகிறவர் என்னைவிடக் கோபப்படுவார்.

ஆய்வகவாசி:

கோபமெல்லாம் இல்லை. :) ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மாஸ் (நாம் பாசி என்று சொல்கிற சின்னச் செடிகள்), லிவர்வொர்ட் (அவற்றின் தட்டையான சொந்தக்காரர்கள்) இரண்டிலும் இல்லாத பல விஷயங்கள் இதில் இருக்கின்றன.

முதலில் அந்தக் கொம்பு. மாஸின் வித்துப்பை ஒரு காம்பின் நுனியில் ஒரே தடவை உருவாகி, முற்றி, திறந்து, முடிந்துவிடும். ஹார்ன்வொர்ட்டில் காம்பே கிடையாது. கொம்பின் அடியில், உடலத்துக்குள் புதைந்திருக்கும் பாதத்துக்கு மேலே, செல் பிரிகிற பகுதி ஒன்று கடைசிவரை வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் கொம்பு அடியிலிருந்து மேலே தள்ளித் தள்ளி வளரும். நுனியில் வித்து முற்றிக் கருத்து, ஓடு இரண்டாகப் பிளந்து முறுக்கிக்கொண்டு உதிர்ந்துகொண்டிருக்கும்போது அடியில் புது வித்துகளுக்கான செல்கள் அப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும். வரப்போரம், உங்கள் படத்தில் மூன்றாவது கொம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேலே கருப்பு, நடுவில் மஞ்சள் கலந்த பச்சை, கீழே நல்ல பச்சை, ஒரே கொம்பில் எல்லா வயதும் வரிசையாக நிற்கிறது. பிளந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவே முடி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது நடுத்தண்டு, வித்துகள் அதைச் சுற்றித்தான் உருவாகும்.

கொம்பின் மேல் தோலில் இலைத்துளைகள் உண்டு. நாம் பள்ளியில் படித்த மாதிரி திறந்து மூடி நீரைக் காக்கிற வேலையை அவை செய்வதில்லை. ஒருமுறை திறந்தால் அப்படியே நின்றுவிடும், வெளிச்சம், இருட்டு, ஹார்மோன் எதற்கும் அசையாது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொம்பு முற்றும்போது உள்ளிருக்கிற ஈரத்தை வெளியேற்றிக் காயவைத்து வெடிக்க உதவுவதுதான் அவற்றின் வேலை என்பது இப்போது பலரும் ஏற்கிற விளக்கம்.

அடுத்தது பசுங்கணிகம். பெரும்பாலான நிலத்தாவரங்களில் ஒரு செல்லில் டஜன் கணக்கில் இருக்கும். இங்கே அநேகமாகச் செல்லுக்கு ஒன்றே ஒன்று, பெரியதாக, நடுவில் பைரினாய்டு. கார்பன் டை ஆக்சைடை, அதைப் பிடித்து உணவாக்கத் தொடங்குகிற ரூபிஸ்கோ நொதியின் பக்கத்தில் குவித்து வைக்கிற அமைப்பு அது. நீர்ப்பாசிகளில் சாதாரணமாகக் காண்போம், நிலத்தாவரங்களில் ஹார்ன்வொர்ட்டுகளைத் தவிர வேறு எதிலும் கிடையாது. அந்த அமைப்பைக் கோதுமை, நெல் மாதிரி பயிர்களுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்பதற்காகவே இதை வளர்க்கிற ஆய்வகங்கள் இருக்கின்றன. அக்ரெஸ்டிஸ்தான் இப்போது ஹார்ன்வொர்ட் ஆய்வுக்கு மாதிரி இனம். பான், ஆக்ஸ்போர்ட் என்று இரண்டு வளர்ப்புகள் பல கைகள் மாறிப் புழங்குகின்றன. 2020-ல் மரபணுத் தொகுதி முழுதும் வாசித்து வெளியிட்டார்கள், வெறும் 12 கோடி டி.என்.ஏ எழுத்துகள் அளவுதான், மனிதனுடையது 300 கோடி. 2021-ல் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா மூலமாக மரபணுவைச் செலுத்தவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் வயலில் குறைந்தாலும் ஆய்வகத் தட்டுகளில் பெருகிக்கொண்டிருக்கிறது, அது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு கிளைக்கதை, ரொம்பப் பிடித்தது என்பதால். நிழலில் வளர்கிற பெரணிகளுக்கு நியோக்ரோம் என்று ஒளியை உணரும் புரதம் ஒன்று உண்டு, மங்கின வெளிச்சத்திலும் பிழைக்க அது கைகொடுக்கிறது. அந்த மரபணு பெரணிகளின் சொந்தச் சரக்கு இல்லை, ஏதோ ஒரு காலத்தில் ஹார்ன்வொர்ட்டிடமிருந்து தாவியது என்று 2014-ல் காட்டினார்கள்.

வரப்போரம்:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது கொம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த முடி மாதிரியான தண்டு தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்று கேட்கலாமா? உடலத்தைத் திருப்பி எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அதில் கருநீலமாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. நோயா, பூஞ்சையா? அப்புறம் இந்த வயலுக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா, அல்லது விட்டுவிட வேண்டியதுதானா?

ஆய்வகவாசி:

நோய் இல்லை, அது நாஸ்டாக், சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்கிற நீலப்பச்சை பாக்டீரியா. அடிப்பக்கத்தில் இலைத்துளை மாதிரியே சின்னப் பிளவுகள் இருக்கும், நாஸ்டாக்கின் நகரும் இழைகள் அதன் வழியாகப் பசை நிறைந்த அறைக்குள் நுழைந்து அங்கேயே குடியேறிவிடும். குடியேறிய பிறகு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிற தடித்த செல்கள் அதில் வழக்கத்தைவிட அதிகமாகும், பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு செடிக்குப் போகும், செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். செடியின் செல்கள் அந்த அறைக்குள் இழை இழையாக வளர்ந்து நாஸ்டாக்கைச் சுற்றிக்கொள்வதை நுண்ணோக்கியில் பார்த்தால் விடமாட்டீர்கள். ஒவ்வொரு செடியும் வெளியிலிருந்துதான் இதைப் பிடித்தாக வேண்டும், வித்தோடு கூட வருவதில்லை. ஆய்வகத்தில் சுத்தமாக வளர்த்த செடியில் நாஸ்டாக் இருக்காது, வளர்க்கிற ஊடகத்தில் நைட்ரஜன் கொடுத்தால் அது பாட்டுக்கு வளரும்.

இயற்கைநேசன்:

இது தெரியாமல் போயிற்று. அப்படியானால் இதுவும் ஒரு குட்டிப் பசுந்தாள் உரம்தானே. உழவைத் தள்ளிப்போடும் யோசனைக்கு நான் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் வயல் ஓரத்தில் ஒரு துண்டு விடுவதில் யாருக்கும் நஷ்டம் இருக்காது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பாசிபிடித்தவன்:

உரம் என்று சொல்கிற அளவுக்கு அது எடையில் தேறாது, விடுங்கள்.

தம்பி, விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வருஷம் செடி தெரியவில்லை என்பதால் இனம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கடுகு போட்டதால் மட்டுமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது, கோடை வறண்டு போனாலும் வயலே காலியாகத்தான் இருக்கும், ஈரமான வருஷத்தில்தான் இது கொழிக்கும். முதலில் மண்ணில் வித்து இருக்கிறதா என்று பாருங்கள். விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, போன வருஷம் செடி இருந்த இடத்திலிருந்து மேல் மண்ணைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து, கல், வேர் பொறுக்கி, தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். சுண்ணாம்பு இல்லாத நீர் ஊற்றுங்கள், மழைநீர் உத்தமம், ஏனென்றால் இது சற்றே அமிலத்தன்மையுள்ள களிமண் கலந்த நிலத்துச் செடி. மேலே கண்ணாடி மூடி வெளிச்சம் படுகிற, வெயில் நேராக அடிக்காத ஜன்னலோரம் வையுங்கள். முதலில் மாஸ்கள் வந்து பசேலென்று மூடப் பார்க்கும், அவற்றைப் பொறுமையாகக் கிள்ளி எடுக்க வேண்டும். சுருண்ட ஓரத்தோடு கரும்பச்சைச் செடி வந்தால் வித்து வங்கி உயிரோடு இருக்கிறது.

வந்தால் அந்தத் தட்டையும் போன வருஷப் படத்தையும் எடுத்துக்கொண்டு விவசாயியைப் பாருங்கள். பெயரெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாம். அடுத்து அங்கே தானியம் போடுகிற வருஷத்தில், எந்த மூலையில் ஈரம் தங்குகிறதோ அங்கே ஒரு பட்டை மட்டும் நவம்பர்வரை உழாமல், எதுவும் விதைக்காமல் விட முடியுமா என்று கேளுங்கள். களைக்கொல்லி அடிக்கிற பழக்கம் உண்டா என்பதையும் பேச்சோடு பேச்சாக விசாரித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை நிபந்தனையில் சிக்கல் வருமா என்று அவர் கேட்பார், அதற்கு உங்கள் மாநிலத்து இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போவது நல்லது.

கைலென்ஸ்:

தட்டில் ஏதாவது வந்தால் வித்து முற்றுகிறவரை பிடுங்காதீர்கள். கருப்புத்தூள் படத்தோடு இதே இடத்தில் எழுதுங்கள், ஃபேயோசெராஸும் கூடவே முளைத்திருக்க வாய்ப்பு உண்டு.